புவிவெப்பக் களத்தில் அடுத்த பணம் எதற்கு: எம்.டி. அளவீடா, சிறுதுளையா, முழுக் கிணறா?

கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கிலும் இந்தோனேசியாவிலும் பூமிக்கடியின் சூட்டில் மின்சாரம் எடுக்கும் களங்களில் வேலை பார்க்கும் நம்மூர் நிலவியலாளர்களிடமிருந்தும், புவி இயற்பியல் முதுகலை முடித்துவிட்டு இந்தத் துறைக்குள் நுழையும் பிள்ளைகளிடமிருந்தும் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி வருகிறது. களத்தைச் சுற்றி நடந்து வரைபடம் போட்டாயிற்று. ஆவித்துளைகள் எங்கே, பிளவுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று தெரியும். மிச்சமிருக்கும் பணம் ஒரு பெரிய வேலைக்குத்தான் வரும். அதை எம்.டி. என்ற மின்தடை அளவீட்டில் போடுவதா, ஆழமில்லாத வெப்பத் துளைகளில் போடுவதா, சிறுவிட்டத் துளையிலா, இல்லை துணிந்து முழு அளவுக் கிணறே தோண்டிவிடலாமா?

இங்கே பேசுவது உயர்வெப்பக் களங்களைப் பற்றி மட்டும். ஐஸ்லாந்துக்காரர்கள் வகுத்த கணக்குப்படி, ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்குள் 200 டிகிரி செல்சியசைத் தாண்டும் களங்கள். குளிக்க வெந்நீர் தரும் ஊற்றுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "சூடு இருக்கிறதா" என்ற ஒரே கேள்விக்கு மூன்று முறை பணம் கட்டிவிட்டு, "தண்ணீர் ஓடுமா, ஓடினால் எப்படிப்பட்ட தண்ணீர்" என்ற கேள்வி வரும்போது கையைப் பிசைவதுதான் இந்தத் தொழிலின் பெரிய விரயம். ஜிபூட்டி நாட்டின் அஸ்ஸால் களத்தைப் பாருங்கள். 1975-ல் இரண்டு, 1987–88-ல் நான்கு என்று ஆறு கிணறுகள் தோண்டினார்கள். சூட்டுக்குக் குறைவே இல்லை. ஐந்தாவது கிணற்றின் அடியில் 350 டிகிரியைத் தாண்டியது, ஆனால் பாறையில் நீர் ஓட வழியில்லை. நீர் வந்த கிணறுகளிலோ லிட்டருக்கு 120 கிராம் அளவில் உப்பு, அதாவது கடல்நீரைப் போல மூன்று மடங்குக்கு மேல். அந்த நீர் மேலே வரும் வழியில் ஈய சல்பைடு குழாயின் உட்சுவரில் படிந்து ஓட்டத்தை நெரித்தது. சூட்டை வைத்து மட்டும் முடிவெடுத்திருந்தால் அது உலகத்தின் அருமையான களங்களில் ஒன்று.

## எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு வழியையும் ஐந்து கேள்விகளால் சோதிக்கிறேன்.

முதலாவது, அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது: வெப்பநிலை, நீரின் வேதியியல், பாறையின் ஊடுருவுதிறன் (அதாவது நீரை ஓட விடும் தன்மை), களத்தின் பரப்பு. நான்குக்கும் ஒரே முறையில் பதில் கிடைக்காது. இரண்டாவது, சொல்வது இன்றைய நிலையா, பழைய நிலையா. இதை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். மூன்றாவது, விலைப்பட்டியலில் வராத செலவு. நான்காவது, பதில் தவறாக இருந்தால் எவ்வளவு தூரம் நம்மை இழுத்துக்கொண்டு போகும். ஐந்தாவது, வேலை முடிந்த பிறகு அந்தத் துளையோ தரவோ வேறு எதற்காவது உதவுமா.

## இதற்கெல்லாம் முன்னால்: வேதியியல்

இதை நான் ஒரு "தேர்வாக" வைக்கவே இல்லை. செய்யாதவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு முதலில் அதை முடிக்கலாம். மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் செலவு சொற்பம், கிடைப்பதோ ஏராளம்.

ஊற்று நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை வைத்து அடியில் இருக்கும் வெப்பநிலையைக் கணக்கிடும், நிலவேதியியலாளர் ஃபூர்னியேவின் குவார்ட்ஸ் சமன்பாடு எளிமையானது. 5.19-லிருந்து சிலிக்கா அளவின் மடக்கையைக் கழித்து, 1309-ஐ அதனால் வகுத்து, 273-ஐக் கழித்தால் செல்சியசில் விடை. ஒரு கிலோ நீரில் 300 மில்லிகிராம் சிலிக்கா இருந்தால் ஏறக்குறைய 209 டிகிரி வரும். அதே நீர் மேலே வரும் வழியில் சம அளவு குளிர்ந்த நீருடன் கலந்து 150 மில்லிகிராமாகிவிட்டால் விடை 161 டிகிரி. ஒரே களம், கலப்படத்தால் 48 டிகிரி குறைவாகத் தெரிகிறது. சோடியம்–பொட்டாசியம் விகிதத்தை வைத்துக் கணக்கிடும் வெப்பநிலை இப்படி ஏமாறாது, ஏனென்றால் கலந்தாலும் விகிதம் பெரிதாக மாறாது. இரண்டு விடைகளும் வெகுதூரம் விலகி நின்றால் கலப்பு நடந்திருக்கிறது என்று பிடித்துக்கொள்ளலாம்.

ஆனால் இது குளோரைடு நீர், அதாவது ஆழத்துத் தேக்கத்தின் உப்பு கலந்த வெந்நீர், மேற்பரப்புக்கு வரும் களங்களுக்குத்தான். கென்யாவின் ஒல்காரியாவிலும் மெனங்காயிலும் நிலத்தடி நீர்மட்டம் ஆழத்தில் இருக்கிறது, மேலே வருவது ஆவி மட்டும். ஆவி சூடேற்றிய சல்பேட்டுக் குட்டைகளில் சிலிக்காவை அளந்து 210 டிகிரி என்று அறிக்கை எழுதுவது வீண்வேலை. அந்த அமில நீர் சுற்றியுள்ள பாறையைக் கரைத்து எடுத்த சிலிக்கா அது. அங்கே கரியமில வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, ஹைட்ரஜன் ஆகியவற்றின் அளவுகளை வைத்துக் கணக்கிடும் வாயு வெப்பமானிகள்தான் துணை. அதற்குக் காற்று வெளியேற்றிய, உள்ளே சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் வைத்த கண்ணாடிக் குடுவை வேண்டும். விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். அந்த நாட்டுத் தலைநகரிலேயே ஆய்வகம் பிடித்துத் தயார் செய்யும் நாட்களையும் கணக்கில் சேருங்கள்.

## வழி ஒன்று: மின்தடை அளவீடு

எம்.டி. எனப்படும் மேக்னட்டோடெல்லூரிக் முறை, பூமிக்கு மேலே இயற்கையாக நடக்கும் மின்காந்த அசைவுகளைக் கேட்டு, கீழே பல கிலோமீட்டர் ஆழம் வரை பாறையின் மின்தடையைச் சொல்கிறது. டி.இ.எம். என்பது தரையில் கம்பி வளையம் போட்டு நாமே மின்னோட்டத்தைச் செலுத்தி நிறுத்தி அளப்பது. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வரை எட்டும்.

ஒரு எம்.டி. நிலையம் போடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் இதன் நிஜச் செலவு புரியும். நான்கு திசையிலும் கம்பி இழுத்து, முனைகளில் குழி தோண்டி, உப்பும் பென்டோனைட் களிமண்ணும் குழைத்த சேற்றில் மின்முனைச் சட்டியைப் பதிக்க வேண்டும். காந்தச் சுருள்களை ரசமட்டம் பார்த்து, வடக்கு–தெற்காக ஒன்று, கிழக்கு–மேற்காக ஒன்று, செங்குத்தாக ஒன்று என்று மண்ணுக்குள் புதைக்க வேண்டும். கம்பி காற்றில் ஆடினால் அதுவே சத்தமாகப் பதிவாகும் என்பதால் நெடுக மண் போட்டு மூட வேண்டும். இரவு முழுக்க ஓட விட்டுக் காலையில் வந்து பார்த்தால் ஆடு கம்பியைக் கடித்திருக்கும். இப்படி ஐம்பது முதல் நூறு நிலையங்கள். பக்கத்தில் உயர் அழுத்த மின்கம்பி போனால் தரவின் பாதி அதன் இரைச்சல்தான்.

பலன் என்ன? உயர்வெப்பக் களங்களில் எரிமலைப் பாறை வெந்நீரில் ஊறி மாறும்போது, 200 டிகிரிக்குக் கீழே ஸ்மெக்டைட் என்ற களிமண்ணாகிறது. அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மின்தடை 10 ஓம்-மீட்டருக்கும் கீழே விழும். 240 டிகிரிக்கு மேலே போனால் களிமண் போய் குளோரைட், எபிடோட் என்ற கனிமங்கள் உண்டாகி மின்தடை மறுபடி ஏறுகிறது. எனவே மின்தடை குறைந்த ஒரு மூடி, அதற்குக் கீழே மின்தடை கூடிய ஒரு கரு என்ற வடிவம் தெரிந்தால், கருவின் மேல்விளிம்பு ஏறக்குறைய 240 டிகிரிக் கோடு. ஐஸ்லாந்தின் நெஸ்யாவெட்லிர் களத்தில் இந்த வடிவத்தைக் கிணறுகளோடு ஒப்பிட்டு நிறுவினார்கள்; இன்று உலகம் முழுக்க முதல் கிணற்றுக்கு இடம் குறிப்பது இதை வைத்துத்தான்.

மறைந்திருக்கும் வினை இரண்டு. முதலாவது, நிலை நகர்வு. மின்முனைக்கு அடியில் இருக்கும் சின்னச் சின்ன மண் வேறுபாடு எம்.டி. வளைவு முழுவதையும் மேலேயோ கீழேயோ தள்ளிவிடும். மின்தடை நான்கில் ஒரு பங்காகத் தெரிந்தால் ஆழம் பாதியாகத் தெரியும். ஆயிரம் மீட்டரில் இருக்கும் மூடியின் அடி ஐந்நூறு மீட்டரில் இருப்பதாக வரைபடம் சொல்லும், கேசிங் (கிணற்றுச் சுவரைத் தாங்கும் எஃகுக் குழாய்) ஆழத்தை நீங்கள் அதை நம்பித் தீர்மானிப்பீர்கள். இதைத் திருத்த அதே இடத்தில் டி.இ.எம். எடுக்க வேண்டும். "டி.இ.எம். இல்லாமல் எம்.டி. மட்டும், விலை குறைவு" என்று வரும் ஒப்பந்தப் புள்ளியை அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம்.

இரண்டாவது இன்னும் ஆழமானது. மின்தடை காட்டுவது பாறை மாறிய வடிவத்தை. பாறை மாறியது என்றைக்கோ. அடுப்பில் வைத்த தவலையின் அடிக்கரியைப் பார்த்து அதில் ஒரு காலத்தில் வெந்நீர் கொதித்தது என்று சொல்லலாம், இப்போது கொதிக்கிறதா என்று சொல்ல முடியாது. ஐஸ்லாந்தின் ஹெங்கில் எரிமலைத் தொகுதியின் விளிம்புகளில், மின்தடையும் கனிமமும் சொன்ன வெப்பநிலையை விடக் கிணற்றில் அளந்த வெப்பநிலை குறைவாக இருந்த இடங்கள் உண்டு. களம் ஆறிக்கொண்டிருந்தது.

ஊடுருவுதிறனைப் பற்றி எம்.டி. ஒரு வார்த்தை பேசாது. இதைச் சொல்லாமல் விற்கும் ஆலோசகர்கள் நிறைய.

## வழி இரண்டு: ஆழமில்லாத வெப்பத் துளைகள்

ஐம்பது முதல் முந்நூறு மீட்டர் வரை சின்னத் துளைகள் போட்டு, ஆழத்துக்கு ஆழம் வெப்பம் எவ்வளவு கூடுகிறது என்று அளப்பது. அமெரிக்காவின் மேற்கே நெவாடா போன்ற இடங்களில், மேற்பரப்பில் ஒரு தடயமும் இல்லாத களங்களைக் கண்டுபிடிக்க இது நன்றாக உதவியிருக்கிறது. ஆவித்துளைகள் கண்ணெதிரே புகையும் எரிமலைக் களத்தில் இதற்குப் பணம் போடுவதை நான் பெரும்பாலும் தடுப்பேன்.

காரணம் எளிது. மழை அதிகமுள்ள எரிமலைச் சரிவில் முதல் சில நூறு மீட்டரில் குளிர்ந்த நீர் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அதன் அடியில் 280 டிகிரி இருந்தாலும் துளைக்குத் தெரியாது. இதற்கு நேர்மாறாக, களத்திலிருந்து பக்கவாட்டில் வழிந்து ஓடும் வெந்நீர் மேலே நல்ல சூட்டைக் காட்டி, அதற்குக் கீழே குளிர்ந்துவிடும். அஸ்ஸாலின் ஐந்தாம் கிணற்றிலேயே நடுவில் ஒரு நீண்ட குளிர்ப் பட்டை இருந்தது.

இன்னொரு விஷயம். "நம்ம திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆப்பிரிக்காவிலேயே ஓடுகின்றன, ஒன்றைப் பிடித்து நான்கு போர் போட்டுப் பார்த்துவிடலாமே" என்று ஒருவர் கேட்டிருந்தார். குளிர்ந்த நிலத்துக்குச் சரி. கொதிநிலையிலேயே நீர் நிற்கும் களத்தில் நூறு மீட்டர் ஆழத்திலேயே ஏறக்குறைய 180 டிகிரி வரலாம். காற்றழுத்தத்தால் சுத்தியடித்துத் தோண்டும் ரிக்கில் துளையை அழுத்திப் பிடிக்கக் குளிர்ந்த நீரோ சேறோ இல்லை, ஊதி வெளியேற்றும் காற்று மட்டும்தான். வாயை மூட வெடிப்புத் தடுப்பு வால்வும் இல்லை. அந்தத் துளை ஆவியாகச் சீறினால் ரிக்கோடு ஆளும் போவார். ஐஸ்லாந்தின் கிராப்லாவில் 1970-களின் நடுவில், எல்லாக் கருவிகளோடும் தோண்டிய நான்காவது கிணறே வெடித்துப் பெரிய பள்ளமாகிவிட்டது. "தானே உண்டாக்கிக்கொண்ட நரகம்" என்று அந்தப் பள்ளத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

லடாக்கின் பூகாவில் இந்திய நிலவியல் ஆய்வகம் 1970-களில் 34 துளைகள் போட்டது. ஆழமானதே 385 மீட்டருக்குள்தான். மேற்பகுதியின் சூடும் ஓட்டமும் நன்றாகத் தெரிந்தன. ஆழத்தில் என்ன என்ற கேள்வி அப்படியே நின்றது.

## வழி மூன்று: சிறுவிட்டத் துளை

அடியில் 150 மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டத்தில், ஆனால் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் வரை போகும் துளை. சுரங்கத் தொழிலில் பயன்படுத்தும் வைர முனை ரிக்குகளால் பாறையைத் தண்டு தண்டாக வெட்டி எடுக்கலாம்.

இதன் முதல் நன்மை பாறைத் தண்டு. வழக்கமான கிணற்றில் வருவது இரண்டு மீட்டருக்கு ஒரு பை வெட்டுத்தூள். அதைக் கழுவித் தட்டில் பரப்பி நுண்ணோக்கியில் பார்த்து, பிஸ்தாப் பருப்பு நிறத்தில் ஒரு மணி தென்பட்டால் எபிடோட் என்று குறித்து, 240 டிகிரி வந்துவிட்டது என்று மகிழ்வோம். அந்த மணி எந்த ஆழத்திலிருந்து உதிர்ந்தது என்பதில் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. தண்டில் அந்தச் சந்தேகமே இல்லை. எபிடோட் படிந்த பிளவு முழுதாகக் கையில் வரும். அதன் சாய்வை அளக்கலாம், பிளவு திறந்திருக்கிறதா, கால்சைட் அடைத்து மூடிவிட்டதா என்று கண்ணால் பார்க்கலாம். பழைய சூட்டில் உண்டான எபிடோட்டின் மேல் பிற்பாடு குளிர்ந்த காலத்துக் களிமண் படிந்திருந்தால், எம்.டி. சொல்லாத அந்தக் கதையும் தெரிந்துவிடும்.

இரண்டாவது நன்மை இடம், சாலை, நீர். ரிக் சிறியது, மலைப்பாதையில் ஏறும், துண்டு துண்டாகப் பிரித்தும் கொண்டுபோகலாம். தோண்ட வேண்டிய நீரும் குறைவு. கரீபியத் தீவான டொமினிக்கா இந்த வழியைத்தான் எடுத்தது. வாட்டன் வேவன் பகுதியில் 2011–12-ல் மூன்று சிறுதுளைகள். அவை நம்பிக்கை தந்த பிறகே முழு அளவுக் கிணறுகள். ஜப்பானில் நேடோ என்ற எரிசக்தி வளர்ச்சி நிறுவனம் அரசுப் பணத்தில் எண்ணற்ற சிறுதுளைகளைப் போட்டுத் தரவு சேர்த்தது. சிறுதுளையில் அளந்த ஊடுருவுதிறனைப் பெரிய கிணற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுகள் பலவும் அங்கிருந்து வந்தவை.

இனி பாதகம். சிறுதுளையால் வணிக மின்சாரம் எடுக்க முடியாது. 96 மில்லிமீட்டர் துளைக்கும் 216 மில்லிமீட்டர் துளைக்கும் பரப்பளவில் ஐந்து மடங்கு வித்தியாசம். உராய்வையும் சேர்த்தால் ஓட்டத்தில் அதைவிடக் கூடும். நீர் மட்டும் ஓடும் களத்தில் இந்தக் கணக்கை நம்பி "பெரிய கிணறு இவ்வளவு தரும்" என்று சொல்லலாம். அடியிலேயே நீரும் ஆவியும் கலந்து வரும் களத்தில் அந்தக் கணிப்பு தடுமாறும். சில சமயம் துளை தானாகப் பொங்கவே பொங்காது. சுவர் வழியே வெப்பம் இழந்து பாதியிலேயே அடங்கிவிடும். அதைப் பார்த்து முதலீட்டாளர் "களம் செத்தது" என்று முடிவு கட்டிவிட்டால், அதே இடத்தில் முழுக் கிணறு நன்றாக ஓடியிருக்குமோ என்பது யாருக்கும் தெரியாமலே போகும். ஆகவே சிறுதுளையின் மதிப்பை ஓட்டத்தை வைத்து அளக்காதீர்கள். நீரை உள்ளே செலுத்திப் பார்க்கும் சோதனை, வெப்ப அளவீடு, பாறைத் தண்டு ஆகிய மூன்றும்தான் அதன் பொருள்.

செலவு முழுக் கிணற்றில் ஏறக்குறைய பாதி என்று வைத்துக்கொள்ளலாம், ஆழத்தையும் ஊரையும் பொறுத்து. நம் ஆட்கள் எதிர்பார்ப்பது பத்தில் ஒரு பங்கு, அப்படி வராது. மின்நிலையம் வந்த பிறகு அந்தத் துளை அழுத்தக் கண்காணிப்புக் கிணறாக ஆண்டாண்டுக்கும் உழைக்கும் என்பது ஒரு கூடுதல் வரவு.

## வழி நான்கு: முழு அளவு ஆய்வுக் கிணறு

இரண்டு முதல் மூன்று கிலோமீட்டர், உற்பத்திக் கேசிங் 9⅝ அங்குலத்தை ஒட்டிய அளவு. கிணறு ஒன்றுக்கு 30 முதல் 70 லட்சம் டாலர் என்பது பொதுவாகப் பேசப்படும் தொகை. இந்தத் தொகையில் வராதவைதான் கழுத்தை நெரிக்கும். கனரக வண்டி போகும் சாலை. ரிக்கை வேறொரு நாட்டிலிருந்து கொண்டுவந்து திருப்பி அனுப்பும் கூலி. அப்புறம் தண்ணீர்: பாறைப் பிளவில் தோண்டும் நீர் மொத்தமும் இறங்கிக் காணாமல் போகும் கட்டத்தில் நிமிடத்துக்கு 2,000–3,000 லிட்டர் இடைவிடாமல் வேண்டும். வறண்ட பிளவுப் பள்ளத்தாக்கில் அந்த நீருக்கே தனியாகப் போர் போட்டுக் குழாய் இழுக்க வேண்டியிருக்கும்.

கைக்கு வருவதும் பெரியது. சூடு, வேதியியல், ஊடுருவுதிறன் மூன்றும் ஒரே இடத்தில், இன்றைய நிலையில். கிணறு நன்றாக அமைந்தால் அதுவே முதல் உற்பத்திக் கிணறு. சுமாராக அமைந்தால் கழிவுநீரைத் திருப்பிச் செலுத்தும் கிணறு. வங்கிக்காரர் நம்புவதும் இதை மட்டும்தான். சர்வதேச நிதிக் கழகம் 2013-ல் உலகெங்கும் 2,600-க்கு மேற்பட்ட கிணறுகளின் தரவைத் தொகுத்தபோது, ஆய்வுக் கட்டத்தில் தோண்டியவற்றில் பத்தில் ஆறுதான் தேறின; வளர்ச்சிக் கட்டத்தில் நான்கில் மூன்றை நெருங்கியது. அதாவது முதல் கிணறு ஏறக்குறைய பூவா தலையா ஆட்டம்.

அந்த ஆட்டத்தில் தோற்றதற்கு ருவாண்டாவின் கரிசிம்பி நல்ல உதாரணம். அழகான எரிமலை, பக்கத்திலேயே காங்கோவின் உயிருள்ள எரிமலைகள். உயர்வெப்பக் களத்துக்கு உரிய ஆவித்துளைகளோ குளோரைடு ஊற்றுகளோ அந்தச் சரிவில் இல்லை. ஆனாலும் 2013-ல் நேராக முழு அளவுக் கிணறு இறக்கினார்கள். 3 கிலோமீட்டர் போயும் புவிவெப்ப நீர்த்தேக்கம் கிடைக்கவில்லை. இரண்டாவது கிணறு பாதியிலேயே நின்றது. நிலவியல் கதை மட்டும் நன்றாக இருந்து வேதியியல் கை கொடுக்காத இடத்தில் ரிக்கை ஏற்றக்கூடாது என்பதற்கு இதைவிட விலையுயர்ந்த பாடம் தேவையில்லை.

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு: எதிர்பார்த்ததைவிடச் சூடு அதிகம். 1985-ல் நெஸ்யாவெட்லிரின் பதினொன்றாம் கிணறு 2.2 கிலோமீட்டரில் 380 டிகிரியைத் தாண்டியது. அடிப்பகுதியை அடைத்துவிட்டுத்தான் மேலே உள்ளதைப் பயன்படுத்தினார்கள். கிராப்லாவில் 2009-ல் ஐஸ்லாந்து ஆழ்துளைத் திட்டத்தின் ஐடிடிபி-1 கிணற்றுக்கு இலக்கு 4.5 கிலோமீட்டர். பாறைக்குழம்பு அதைவிட மேலே இராது என்று நிலநடுக்க அலைகளும் மின்தடையும் சேர்ந்து சொல்லியிருந்தன. துளையிடும் பிட் 2.1 கிலோமீட்டரிலேயே பாறைக்குழம்பில் இறங்கிவிட்டது. பிறகு அந்தக் கிணறு 450 டிகிரி ஆவியைத் தந்து எல்லோரையும் வாய் பிளக்க வைத்தது, 2012-ல் வால்வு பழுதாகி மூடப்பட்டது. அத்தனை ஆண்டுகள் அளந்த, அத்தனை கிணறுகள் தோண்டிய களத்திலேயே மேற்பரப்புக் கருவிகளின் கணக்கு இரண்டு கிலோமீட்டர் பிசகியது. கென்யாவின் மெனங்காயிலும் சில கிணறுகள் இரண்டு கிலோமீட்டர் வாக்கில் பாறைக்குழம்பைத் தொட்டன.

ஒரே கிணறு பிரமாதமாக வந்தால் இன்னொரு வகை ஏமாற்றம் காத்திருக்கும். கென்யாவின் எபுருவில் 1989–91-ல் தோண்டிய ஆறில் முதல் கிணறுதான் உருப்படி. அதை நம்பி 2012-ல் வைத்த ஆலை இரண்டரை மெகாவாட் அளவுதான். களம் எவ்வளவு பெரியது என்று ஒரு கிணறு ஒருபோதும் சொல்லாது. பரப்பைச் சொல்ல எம்.டி.தான் வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | எம்.டி. + டி.இ.எம். | வெப்பத் துளைகள் | சிறுதுளை | முழுக் கிணறு |
|---|---|---|---|---|
| வெப்பநிலை | மறைமுகம், பழையதாகவும் இருக்கலாம் | மேற்பகுதி மட்டும் | நேரடி | நேரடி |
| நீரின் வேதியியல் | இல்லை | அரிதாக | மாதிரி எடுக்கலாம், கடினம் | முழுமையாக |
| ஊடுருவுதிறன் | இல்லை | இல்லை | நன்றாக | மிக நன்றாக |
| களத்தின் பரப்பு | நன்றாக | ஓரளவு | இல்லை | இல்லை |
| செலவு | சில லட்சம் டாலர் | எண்ணிக்கையைப் பொறுத்தது | முழுக் கிணற்றில் பாதி வாக்கில் | 30–70 லட்சம் டாலர் |
| மறைசெலவு | இழப்பீடு, இரைச்சல், கணினி மாதிரியாக்க ஆட்கள் | வெடிப்பு அபாயம் | ஓட்டக் கணிப்பில் தடுமாற்றம் | சாலை, நீர், ரிக் போக்குவரத்து |
| பிற்பயன் | கடைசிவரை | கொஞ்சம் | கண்காணிப்பு | உற்பத்தி அல்லது திருப்பிச் செலுத்தல் |

## யாருக்கு எது

குளோரைடு ஊற்றின் சிலிக்கா, சோடியம்–பொட்டாசியம் கணக்குகள் இரண்டும் 230 டிகிரிக்கு மேல் ஒத்துப்போகின்றன, எம்.டி. இன்னும் எடுக்கவில்லை என்றால் யோசிக்கவே வேண்டாம், எம்.டி.யும் டி.இ.எம்.மும். கிழக்கு ஆப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: அங்குள்ள புவிவெப்ப இடர்தணிப்பு நிதியம் மேற்பரப்பு ஆய்வுச் செலவில் 80% வரை தருகிறது, தோண்டுவதற்கு 40% வரைதான். மானியம் கூடுதலாக இருக்கிறது என்பதற்காகவே மேற்பரப்பு ஆய்வை இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று நீட்டிக்கொண்டே போகிறவர்களும் உண்டு. முதல் நூறு நிலையத்தில் தெரியாத ஊடுருவுதிறன் இருநூறாவது நிலையத்திலும் தெரியப்போவதில்லை.

எம்.டி. நல்ல வடிவம் காட்டுகிறது, வேதியியலோ ஆவித்துளை வாயுவை மட்டும் நம்பி நிற்கிறது, தீவு அல்லது சாலையில்லாத மலை, முதலீட்டாளருக்குப் பொறுமை உண்டு என்றால் சிறுதுளை. மின்தடையும் வாயு வெப்பமானியும் முரண்படும் இடத்திலும் இதுவே என் தேர்வு. களம் ஆறிவிட்டதோ என்ற ஐயத்தை இவ்வளவு தெளிவாகத் தீர்க்க வேறு வழி இல்லை.

வேதியியல், மின்தடை, பிளவு வரைபடம் மூன்றும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன, பக்கத்துக் களத்தில் ஏற்கெனவே ரிக்கும் சாலையும் நீர்க்குழாயும் இருக்கின்றன என்றால் சிறுதுளையில் காலத்தை வீணாக்காமல் முழுக் கிணறு. ஒல்காரியாவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பகுதியைத் திறக்கிறவர் சிறுதுளை போடுவது பணத்தை மிச்சம் பிடிப்பதாகாது. அங்கே ரிக்கைக் கொண்டுவரும் கூலியே இல்லையே.

மேற்பரப்பில் தடயமே இல்லாத, வறண்ட, நீரோட்டம் குறைந்த நிலம் என்றால் மட்டும் வெப்பத் துளைகள். அதிலும் கேசிங், சிமென்ட், வால்வு எல்லாம் போட்டுத்தான்.

முழுக் கிணறு என்று முடிவெடுத்தவர்கள் ரிக் ஒப்பந்தத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கிணறு ஒன்றுக்கு மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்; ஒன்று உறுதி, அடுத்த இரண்டு நம் விருப்பம் என்று எழுதுங்கள். ரிக்கைக் கொண்டுவரும் கூலியை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள், இரண்டாவது கிணறு அதில் பங்குபோட்டுக்கொள்ளும். முதல் கிணற்றில் குளிர்ந்த நீரைக் கொட்டித் தோண்டியதால் அது தன் நிஜச் சூட்டுக்குத் திரும்ப வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும்; தோண்டி முடித்த மறுநாள் அளந்த வெப்பநிலையை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. அதுவரை ரிக் சும்மா நின்றால் நாள்வாடகை ஏறும். ஆகவே இரண்டாவது கிணற்றின் இடத்தை முதல் கிணற்றின் முடிவைப் பாராமல் எம்.டி. வரைபடத்தின் இன்னொரு ஓரத்தில் முன்கூட்டியே குறித்து வைத்துவிட்டு, அதைத் தோண்டிக்கொண்டிருக்கும்போது முதலாவதைச் சூடேற விடுங்கள். மூன்றாவதின் இடத்தை மட்டும், முதலாவதின் வெப்ப அளவீடு கைக்கு வந்த பிறகு முடிவு செய்யுங்கள்.